பேனாக்கத்தியோடு விமானம் ஏறலாமா? விதி எதுவரை, உங்கள் உரிமை எதுவரை

சாவிக்கொத்தில் ஒரு சின்ன மடக்குக் கத்தியைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிபவர்கள் நிறையப் பேர். பார்சல் பிரிக்க, நூல் அறுக்க, பென்சில் சீவ என்று அது பாட்டுக்குப் பயன்பட்டுக்கொண்டிருக்கும். விமானம் ஏறப் போகும்போதுதான் அது ஒரு விவகாரமாகிறது. ஸ்கேனரில் பை நிற்கும், ஓரமாகத் தள்ளப்படும், "இதை உள்ளே கொண்டுபோக முடியாது" என்பார் அதிகாரி. "காசு கொடுத்து வாங்கிய கத்தி. வைத்திருக்கச் சட்டத்தில் தடையும் இல்லை. அப்புறம் எந்த அதிகாரத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள்?" என்று பயணி கேட்பார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் சோதனை மேடையில் கேட்டு அதற்கு விடை கிடைக்காது. கத்தியை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை முழுக்க உங்கள் கையில் இருப்பது வீட்டில் பை கட்டும்போது. செக்-இன் கவுண்டர் வரைக்கும் அது கொஞ்சம் மிச்சமிருக்கும். ஸ்கேனர் பட்டையில் பையை வைத்த பிறகு, உங்களை எப்படி நடத்த வேண்டும் என்பதில் உங்களுக்கு உரிமை உண்டு. கத்தியை உள்ளே எடுத்துப்போகும் உரிமை கிடையாது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் சுலபம்.

முதலில் மூன்று சட்டங்களைப் பிரித்துப் பாருங்கள்

கத்தியும் விமானமும் சேரும் இடத்தில் மூன்று வேறு வேறு சட்டங்கள் குறுக்கிடுகின்றன. சண்டைகளில் பாதி இவற்றைக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

ஒன்று, நீங்கள் புறப்படும் ஊரில் கத்தியை வைத்திருக்கவும் வெளியே எடுத்துச் செல்லவும் உள்ள சட்டம். இரண்டு, விமானப் பாதுகாப்பு விதி. கேபினுக்குள் என்ன போகலாம் என்பதை மட்டுமே இது சொல்கிறது. கத்தி உங்களுடையதா, சட்டப்படி வாங்கியதா என்பதைப் பற்றி இதற்கு அக்கறை இல்லை. மூன்று, போய் இறங்கும் நாட்டின் சட்டம். அங்கே அந்தக் கத்தியைப் பையில் வைத்திருப்பதே குற்றமாக இருக்கலாம்.

"சட்டப்படி வாங்கிய கத்தி" என்ற வாதம் முதல் சட்டத்துக்கு நல்ல பதில். இரண்டாவதிடம் அது எடுபடாது. மூன்றாவதைப் பற்றிப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை, உண்மையில் ஆபத்து அதிகம் இருப்பது அங்கேதான். சோதனைக் கூடத்தில் போனால் ஒரு கத்தி போகும். இறங்கிய ஊரில் மாட்டினால் போலீஸ், வழக்கு என்று இழுக்கும்.

ஏன் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு கணக்கு

இந்த வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் அதிகாரி சொல்வது அவ்வளவு எரிச்சலாக இருக்காது. 2001 வரை அமெரிக்க விமானங்களில் 4 அங்குலத்துக்குக் குறைவான அலகுள்ள கத்தியைக் கேபினுக்குள்ளேயே எடுத்துப் போகலாம். அந்த வருடம் செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்தியவர்களின் கையில் இருந்தவை சிறு கத்திகளும் அட்டை வெட்டும் கட்டர்களும்தான். இரண்டே மாதத்தில், நவம்பர் 19, 2001 அன்று, டி.எஸ்.ஏ. என்ற போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பை உருவாக்கும் சட்டம் கையெழுத்தானது. கத்தி என்றால் அளவு பார்க்காமல் தடை என்ற நிலை வந்தது.

பிறகு மெல்லத் தளர்ந்தது. 2005 டிசம்பரில், திருகாணியிலிருந்து அளந்தால் 4 அங்குலத்துக்குக் குறைவாக அலகுள்ள கத்தரிக்கோலையும், 7 அங்குலம் வரையுள்ள சிறு கருவிகளையும் டி.எஸ்.ஏ. அனுமதித்தது. 2013 மார்ச்சில் அதன் தலைவர் ஜான் பிஸ்டோல் இன்னும் ஒரு படி போனார். அலகு 6 செ.மீ.க்கு மேல் நீளம் இல்லாத, அரை அங்குலத்துக்கும் குறைவான அகலமுள்ள, திறந்தால் பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்திகளை ஏப்ரல் 25 முதல் விடப்போவதாக அறிவித்தார். விமானி அறைக் கதவுகள் பலப்படுத்தப்பட்டுவிட்டன, சிறு கத்தியால் இனி விமானத்தை வீழ்த்த முடியாது, சோதனைப் பணியாளர்கள் வெடிபொருளைத் தேடுவதில் கவனம் வைக்கட்டும் என்பது அவர் தரப்பு வாதம்.

விமானப் பணிப்பெண்களும் பணியாளர்களும் கொதித்தார்கள். விமானி அறைக் கதவு பூட்டியிருக்கும், சரி. கதவுக்கு இந்தப் பக்கம் குடித்துவிட்டுத் தகராறு செய்யும் பயணியோடு நிற்பது யார் என்று கேட்டார்கள். சங்கங்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், சில விமான நிறுவனங்கள் என்று எதிர்ப்பு பெருகி, ஜூன் 5, 2013 அன்று அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பணியாளர்களின் கேள்விக்குத்தான் இன்றுவரை யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை என்பது என் கருத்து. விதி விமானத்துக்காக மட்டும் எழுதப்படுவதில்லை, அதில் வேலை செய்கிறவர்களுக்காகவும்தான்.

ஐரோப்பா வேறு வழியில் போனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/1998 எண் ஒழுங்குவிதிப்படி, 6 செ.மீ.க்கு மேல் நீளமான அலகுள்ள கத்திதான் தடைப் பட்டியலில் இருக்கிறது. அதற்குக் குறைந்தது பொதுவாக உள்ளே போகலாம். கனடா 2017 நவம்பர் 27 முதல் இதே 6 செ.மீ. கணக்குக்கு மாறியது. ஆனால் அமெரிக்காவுக்குப் போகும் விமானத்துக்கு இந்தத் தளர்வு கிடையாது. சவர பிளேடும் அட்டை கட்டரும் அங்கே எந்த நீளத்திலும் எந்த விமானத்தின் கேபினிலும் கூடாது. இந்தியாவில் கேபினுக்குள் கத்திக்கு இடமில்லை. விதி வகுப்பது பி.சி.ஏ.எஸ். என்ற மத்திய விமானப் பாதுகாப்பு அமைப்பு, பெரும்பாலான விமான நிலையங்களில் சோதனையில் நிற்பது சி.ஐ.எஸ்.எஃப். என்ற மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை. பிரிட்டனின் அரசுப் பட்டியல் இன்னும் கறார். 6 செ.மீ. தாண்டினாலும் தடை, அலகு கூர்மையாகவோ முனையோடோ இருந்தாலும் தடை. மடக்குக் கத்தி என்றாலே கூர்மை இருக்கும்தானே. ஆகவே அங்கே கேபினை மறந்துவிடுங்கள்.

இத்தனைக்கும் ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வில் 17-வது இணைப்பு என்ற பொதுப் பாதுகாப்பு நெறி 1974லிருந்தே இருக்கிறது. அது சொல்வது குறைந்தபட்சம்தான். அதற்கு மேல் எவ்வளவு கறாராக இருப்பது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம்.

கத்தியை அளந்து பாருங்கள்

இப்போது வேலைக்கு வருவோம். கையில் இருக்கும் கத்தியை எடுத்து விரித்து வையுங்கள். பிடி முடியும் இடத்திலிருந்து முனை வரைக்கும் ஸ்கேலால் அளக்க வேண்டும். வெட்டும் விளிம்பை மட்டும் அளந்து "ஆறுக்குள்தான் வருகிறது" என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். தீட்டப்படாத அடிப்பகுதியும் சேர்த்து அளக்கும் அதிகாரியிடம் அது நிற்காது. மடித்தால் 91 மி.மீ. வரும் வழக்கமான விக்டோரினாக்ஸ் (சுவிஸ் மடக்குக் கத்தி நிறுவனம்) வகைகளின் பெரிய அலகு இந்த எல்லையில்தான் தடுமாறும். சாவிக்கொத்துக்கென்றே வரும் 58 மி.மீ. வகையில் அலகு அதைவிட நன்றாகச் சின்னது, 6 செ.மீ. விதி உள்ள இடங்களில் அதற்குச் சிக்கல் குறைவு.

நீளத்தோடு வகையையும் பாருங்கள். திறந்ததும் பூட்டிக்கொள்கிறதா? ஒரே கையால், கட்டைவிரலால் திறக்க முடிகிறதா? பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங்கில் பாய்ந்து வருகிறதா? பிடி இரண்டாகப் பிரிந்து சுழலும் பட்டாம்பூச்சி வகையா? கேபின் விதிக்கு இவை பெரிதாகத் தேவைப்படாது. இறங்கும் நாட்டுச் சட்டத்துக்கு இவைதான் முக்கியம்.

பல கருவி சேர்ந்த மல்டிடூல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதைக் குறடு என்று நினைத்துக்கொண்டு போகிறீர்கள்; உள்ளே மடங்கியிருக்கும் சின்ன அலகை ஸ்கேனர் பார்க்கிறது. டி.எஸ்.ஏ. கணக்கில் எந்த நீளத்தில் கத்தி இருந்தாலும் அந்த மல்டிடூல் கேபினுக்கு ஆகாது. கிரெடிட் கார்டு வடிவக் கத்தி, பேனாவுக்குள் ஒளிந்த கத்தி, பெல்ட் கொக்கிக் கத்தி இதெல்லாம் இன்னும் மோசம். மறைத்துக் கொண்டுபோகத்தானே இப்படிச் செய்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் உடனே வரும். மறதியில் நடந்தது என்று சொன்னாலும் நம்ப ஆளிருக்காது. பயணப் பக்கமே இவற்றைக் கொண்டுவராதீர்கள்.

பாதை முழுவதையும் எழுதிப் பாருங்கள்

புறப்படும் விமான நிலையத்தின் விதியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவதுதான் புதியவர்கள் செய்யும் வழக்கமான தப்பு. போகும் வழியில் எங்கெல்லாம் மறுபடி பை ஸ்கேனருக்குள் போகும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஐரோப்பிய நகரம் ஒன்றில் 5 செ.மீ. கத்தியோடு முறைப்படி உள்ளே போய்விட்டீர்கள் என்று வையுங்கள். நடுவில் இறங்கி விமானம் மாறும் நாட்டில் கத்திக்கே தடை என்றால் அங்கே மறுசோதனையில் அது போய்விடும். "முந்தின விமான நிலையத்தில் விட்டார்களே" என்பதற்கு அங்கே மதிப்பில்லை. உங்கள் செக்-இன் பையும் அதற்குள் விமானத்தின் வயிற்றுக்குள் போயிருக்கும், கத்தியை அதில் போடவும் வழியில்லை.

அமெரிக்காவுக்குள் நுழைபவர்களுக்கு இதில் ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. பொதுவாக, முதலில் இறங்கும் ஊரில் செக்-இன் பையைக் கையில் வாங்கி, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்காக மறுபடி ஒப்படைக்க வேண்டும். பை கையில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் எதையோ தேடிக் கத்தியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டால், அடுத்த ஐந்தாவது நிமிடம் டி.எஸ்.ஏ. சோதனை. பெரிய பையைத் திறக்கவே திறக்காதீர்கள்.

திரும்பி வரும் பயணத்தையும் அதே தாளில் எழுதுங்கள். போகும்போது அனுமதித்த கத்தி வரும்போது அனுமதிக்கப்படாமல் போவது சாதாரணமாக நடக்கும். விதியைப் பார்க்க நம்பகமான இடம் அந்த நாட்டின் விமானப் பாதுகாப்பு அமைப்பின் பக்கமும், நீங்கள் ஏறப்போகும் விமான நிறுவனத்தின் பயண நிபந்தனையும்தான். நிறுவனம் அரசு விதியைவிடக் கறாராக இருக்கலாம், தளர்வாக இருக்க முடியாது.

செக்-இன் பையில் வைக்கும் முறை

கிட்டத்தட்ட எல்லாச் சந்தேகத்துக்கும் இதுதான் தீர்வு. சாதாரண மடக்குக் கத்தி செக்-இன் பையில் போவதில் பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆனால் சும்மா துணிகளுக்கு நடுவே வீசிவிடக் கூடாது. பையைத் திறந்து சோதிக்கும் பணியாளரின் கை கிழியாமல் இருக்க வேண்டும். மடக்குக் கத்தி என்றால் மடக்கி, தற்செயலாகத் திறக்காதபடி ரப்பர் பேண்டோ டேப்போ சுற்றி, ஒரு சின்னப் பெட்டிக்குள் போடுங்கள். மடக்க முடியாத கத்தி என்றால் உறை கட்டாயம். உறை இல்லாவிட்டால் தடித்த அட்டையை இரண்டாக மடித்து அலகின் மேல் வைத்து டேப் ஒட்டலாம். முனைப் பக்கத்தை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றுங்கள், அட்டையைக் குத்திக்கொண்டு வெளியே வருவது முனைதான்.

வெளிப் பக்கத்து ஜிப் அறையில் வைக்காதீர்கள். பையின் நடுவில், துணிகளுக்கு இடையே இருக்கட்டும். கத்தி விலை உயர்ந்தது என்றால் பை மூடுமுன் ஒரு புகைப்படம் எடுத்துவையுங்கள். பை வந்து சேர்ந்ததும் திறந்து பாருங்கள். அமெரிக்காவில் உங்கள் பை திறந்து சோதிக்கப்பட்டிருந்தால் உள்ளே ஒரு அறிவிப்புச் சீட்டு இருக்கும். சர்வதேசப் பயணத்தில் பைக்குச் சேதம் என்றால், விமான நிறுவனங்களின் பொறுப்பை வகுக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பை கைக்கு வந்த 7 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உள்ளேயிருந்த பொருள் காணாமல் போனாலும் அதே ஏழு நாளை மனதில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. சோதனையின்போது டி.எஸ்.ஏ. பணியாளரால் இழப்பு என்று நினைத்தால் அவர்களிடம் கோரிக்கை போட 2 வருட அவகாசம் உண்டு.

கைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பயணிப்பவர்களுக்கு வழிகள் குறைவு. கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போவது முதல் வழி. உள்நாட்டுப் பயணம் என்றால், போய்ச் சேரும் முகவரிக்கு முன்கூட்டியே கூரியரில் அனுப்பலாம்; கூரியர்காரரிடம் உள்ளே என்ன என்று சொல்லிவிட்டு அனுப்புங்கள். சேருமிடத்தில் ஒரு மலிவுக் கத்தி வாங்கி, கிளம்பும்போது யாரிடமாவது கொடுத்துவிட்டு வருவதும் உண்டு. மலையேற்றத்துக்கும் முகாமுக்கும் போகிறவர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள்.

இறங்கும் ஊர்ச் சட்டம்

செக்-இன் பையில் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது என்பதால் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. இங்கிலாந்தில் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் எடுத்துச் செல்லலாம். அதே கத்தி திறந்ததும் பூட்டிக்கொள்ளும் வகை என்றால், பொது இடத்தில் வைத்திருக்கத் தக்க காரணம் காட்ட வேண்டும். ஸ்பிரிங் கத்தியும் பட்டாம்பூச்சிக் கத்தியும் அங்கே வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் எடுத்துச் செல்ல முடியாது. ஜப்பானில் 6 செ.மீ. தாண்டிய அலகைக் காரணமின்றி எடுத்துச் செல்வது பொதுவாகக் குற்றம். அதைவிடச் சின்னதையும் மறைத்து வைத்திருந்தால் அங்கே சிறு குற்றச் சட்டம் ஒன்று இருக்கிறது. "தற்காப்புக்காக வைத்திருக்கிறேன்" என்று பிரிட்டனில் போலீசிடம் சொன்னால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். எங்கே போனாலும் அந்தப் பதிலைத் தவிர்த்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின இரவு

கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காலி செய்யுங்கள். மாட்டிக்கொள்ளும் கத்திகளில் பெரும்பாலானவை மறந்து போனவைதான். லேப்டாப் பையின் அடி அறை, கேமரா பையின் பக்கவாட்டுப் பை, மழைச் சட்டையின் உள்பை, முதலுதவிப் பெட்டி, தையல் பெட்டி, சாவிக்கொத்து, இவ்வளவையும் தடவிப் பாருங்கள். முகாமுக்கோ மீன் பிடிக்கவோ எடுத்துப்போன பையையே விமானத்துக்கும் எடுத்துப் போகிறவர் என்றால் ஒருமுறைக்கு இரண்டு முறை.

மேடையில் மாட்டிக்கொண்டால்

சரி, எல்லாம் பார்த்தும் ஒரு கத்தி தப்பி உள்ளே வந்துவிட்டது. பை ஓரமாகத் தள்ளப்பட்டுவிட்டது. முதல் காரியம், பையின் மேல் கை வைக்காதீர்கள். "நானே எடுத்துத் தருகிறேன்" என்று நல்லெண்ணத்தில் கை நீட்டினாலும் எதிரே நிற்பவருக்கு அது ஆயுதத்தை எடுக்கப் போகிறவரின் அசைவாகத்தான் தெரியும். "பையில் ஒரு மடக்குக் கத்தி இருக்கலாம், மறந்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். எந்த அறையில் என்பதையும் வாயால் சொல்லுங்கள். கத்தி, குண்டு, கடத்தல் என்று எந்த நகைச்சுவையும் வேண்டாம். பல நாடுகளில் அது தனியாகவே ஒரு குற்றம்.

அடுத்து, என்னென்ன வழி இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் இவற்றில் சில கிடைக்கும்: வெளியே போய்ச் செக்-இன் பையில் சேர்ப்பது, வழியனுப்ப வந்தவரிடம் கொடுப்பது, காரில் வைத்துவிட்டு வருவது, அங்கேயே அஞ்சல் வசதி இருந்தால் வீட்டு முகவரிக்கு அனுப்புவது, கடைசியாக அங்கேயே விட்டுவிட்டுப் போவது. அதிகாரி தானாகவே எல்லா வழியையும் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள், பின்னால் வரிசை நிற்கிறது. நீங்கள்தான் கேட்க வேண்டும். இதற்காகவே விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னதாகப் போவது நல்லது. இருபது நிமிடம் கையில் இருப்பவருக்கு நான்கு வழி, போர்டிங் அறிவிப்பு கேட்டுக்கொண்டிருப்பவருக்கு ஒரே வழிதான்.

அமெரிக்காவில் சட்டப்படி டி.எஸ்.ஏ. கத்தியைப் பறிமுதல் செய்வதில்லை. நீங்கள் விருப்பத்தோடு விட்டுச்செல்வதாகத்தான் கணக்கு. விமானம் கிளம்ப நிற்கும்போது அதில் விருப்பம் எவ்வளவு இருக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் விட்டுவிட்டால் அந்தப் பொருளின் மேல் உங்களுக்கு உரிமை முடிந்தது, பிறகு திரும்பக் கேட்க முடியாது. அப்படிச் சேர்ந்த பொருள்கள் மாநில அரசுகளின் உபரிப் பொருள் பிரிவுகளுக்குப் போய் அங்கே ஏலத்தில் விற்கப்படுவதும் உண்டு. ஆகவே தாத்தா கொடுத்த கத்தி என்றால் விமானத்தைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று வெளியே போவதா, கத்தியை விடுவதா என்று அந்த இடத்தில் நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

"சோதனையே வேண்டாம், நான் திரும்பிப் போகிறேன்" என்று சொல்லலாமா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007ல் இதைத் தெளிவாகச் சொன்னது. விமான நிலையச் சோதனை பயணியின் சம்மதத்தைச் சார்ந்தது அல்ல. உலோகக் கண்டறியும் வாசலுக்குள் நடந்தோ, பையை ஸ்கேனர் பட்டையில் வைத்தோ சோதனையைத் தொடங்கிவிட்ட பிறகு, பயணி மனம் மாறி விலகிக்கொள்ள முடியாது. முடியும் என்று விட்டால், ஆயுதத்தோடு வருகிறவன் மாட்டப்போகும்போதெல்லாம் திரும்பிப் போய் வேறு நாள் முயல்வான் என்பது காரணம். மனம் மாறுவதாக இருந்தால் பட்டையில் பை வைக்குமுன் மாறுங்கள்.

அதே நீதிமன்றம் 2006ல் வேறொரு வழக்கில், பயணம் செய்யும் உரிமை என்பது விமானத்தில்தான் போவேன் என்று கேட்கும் உரிமை ஆகாது என்றும் சொல்லியிருக்கிறது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை தரும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தத்தைச் சோதனை மேடையில் எடுத்து ஓதுபவர்கள் இந்த இரண்டு தீர்ப்பையும் முதலில் படித்தால் அவர்களுக்கு நேரம் மிச்சம்.

சரி, அங்கே உங்களுக்கு என்னதான் உரிமை இருக்கிறது? மேற்பார்வையாளரை அழைக்கச் சொல்லலாம். அலகின் நீளத்தில் வாதம் என்றால் அவர் முன்னால் அளக்கச் சொல்லுங்கள், 6 செ.மீ. விதி உள்ள நாடுகளில் இது பலிக்கும். எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்று கேட்கலாம். ஆனால் பட்டியலில் இல்லாத பொருளையும் சந்தேகம் இருந்தால் நிறுத்தும் அதிகாரம் பல இடங்களில் சோதனையாளருக்கு உண்டு, கடைசி வார்த்தை அவருடையதே. உடலைத் தடவிச் சோதிப்பதாக இருந்தால் டி.எஸ்.ஏ. விதியில் உங்கள் பாலினத்தைச் சேர்ந்த அதிகாரிதான் செய்ய வேண்டும். தனி அறையில் செய்யச் சொல்லலாம், துணைக்கு ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். படம் எடுப்பது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் சோதனைக்கு இடைஞ்சல் இல்லாமலும் திரைகளைப் படம் பிடிக்காமலும் இருந்தால் தடை இல்லை. இந்தியாவில் பாதுகாப்புச் சோதனைப் பகுதியில் போனைத் தூக்கவே தூக்காதீர்கள்.

சோதனையாளர் வேறு, போலீஸ் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். சாதாரண மடக்குக் கத்தி என்றால் விஷயம் சோதனையாளரோடு முடிந்துவிடும். ஸ்பிரிங் கத்தி, மறைத்து வைத்த கத்தி, உடலோடு கட்டிய கத்தி என்றால் போலீசைக் கூப்பிடுவார்கள். அபராதமும் வரலாம், கத்தியை மறைத்து விமானத்துக்குள் கொண்டுபோக முயல்வது அமெரிக்காவில் சிறைத் தண்டனை வரை போகும் குற்றம். போலீஸ் வந்துவிட்டால் பேச்சைக் குறையுங்கள். பெயர், பயண விவரம் சொல்லி ஒத்துழையுங்கள், அதற்கு மேலான விசாரணை என்றால் வழக்கறிஞரோடு பேசுவதாகப் பணிவாகச் சொல்லலாம். வெளிநாட்டில் என்றால் உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கும் உரிமையும் இருக்கிறது.

மத உரிமை வரும் இடம்

உரிமை வாதம் நிஜமாகவே எடுபட்ட ஒரு இடம் உண்டு. அது சீக்கியர்கள் மதக் கடமையாக அணியும் குறுவாளான கிர்பான். இந்திய உள்நாட்டு விமானங்களில் சீக்கியப் பயணிகள், அலகு 6 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 9 அங்குலத்துக்கும் மிகாத கிர்பானைக் கேபினுக்குள் அணிந்து போகலாம் என்று பி.சி.ஏ.எஸ். 2022 மார்ச்சில் உத்தரவிட்டது. அதை எதிர்த்துப் போடப்பட்ட மனுவை டில்லி உயர் நீதிமன்றம் அந்த வருடக் கடைசியில் தள்ளுபடி செய்தது. சர்வதேச விமானத்துக்கு இந்தச் சலுகை செல்லாது. கனடாவில் கிர்பானுக்கும் அதே 6 செ.மீ. கணக்குதான், அமெரிக்கா போகும் விமானம் தவிர. கவனித்துப் பார்த்தால் இந்த உரிமை எதுவும் சோதனை மேடையில் பேசி வென்றதல்ல. அமைப்புகள் அரசோடு எழுதி, வாதாடி, விதிப் புத்தகத்திலேயே ஏற்றிய பிறகு வந்தது. பேனாக்கத்தி விதி மாற வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் அந்த வழிதான் திறந்திருக்கிறது.

புகார் என்றால்

நடத்தை சரியில்லை, பொருள் தொலைந்தது, விதிக்கு மாறாக மறுத்தார்கள் என்றால் அன்றைக்கே எழுதிவையுங்கள். நேரம், முனையம், சோதனை வரிசை எண், அதிகாரியின் பெயர்ப்பட்டையில் இருந்தது, அவர் சொன்ன வார்த்தை இவ்வளவும் வேண்டும். சோதனை நடத்துவது சில ஊரில் அரசு அமைப்பு, சில ஊரில் விமான நிலையம் அமர்த்திய தனியார் நிறுவனம். யார் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கடிதம் விமான நிறுவனத்துக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே மாதக்கணக்கில் அலையும். "விதிப்படி அனுமதி உள்ள 5 செ.மீ. கத்தியை மறுத்தார்கள்" என்ற புகாருக்குப் பதில் வரும். "என் உரிமையை மீறினார்கள்" என்று மட்டும் எழுதினால் ஒரு அச்சடித்த நன்றிக் கடிதம் வரும்.

அடிக்கடி பறப்பவர்களுக்கு

கத்தியே இல்லாத கருவிக்கு மாறிக்கொள்வதும் ஒரு வழி. விக்டோரினாக்ஸின் ஜெட்செட்டர், லெதர்மேனின் ஸ்டைல் பி.எஸ். போன்றவை கத்தரிக்கோல், திருப்புளி இவற்றோடு அலகில்லாமல் செய்யப்பட்டவை. விக்டோரினாக்ஸ் நிறுவனமே 2024ல், பல நாடுகளில் கத்திச் சட்டங்கள் கடுமையாவதால் அலகில்லாத புதிய வகைகளை உருவாக்கிவருவதாகச் சொன்னது. செப்டம்பர் 11க்குப் பிறகு விமான நிலையக் கடைகளில் விற்பனை விழுந்து அடிபட்ட நிறுவனம் அது. இவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போக வேண்டாம். டி.எஸ்.ஏ. 7 அங்குலம் வரையுள்ள கருவியை விடும். ஐரோப்பாவில் திருப்புளியின் தண்டு 6 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. வேறு சில நாடுகளில் குறடு, திருப்புளி எதுவுமே கேபினுக்குள் கூடாது. அந்த நாடுகள் உங்கள் பாதையில் வந்தால் இந்தக் கருவியும் செக்-இன் பைக்குள்தான் போக வேண்டும்.